அரணை கடித்தால் மரணமா?

"அரணை கடித்தால் மரணம்" என்ற சொல்லைக் கேளாமல் வளர்ந்தவர் நம் வட்டாரத்தில் யாரேனும் உண்டா? தறிச் சத்தம் ஓயாத அருப்புக்கோட்டைத் தெருக்களானாலும் சரி, திருச்சுழிக்கு அப்பால் கரிசல் காட்டின் நடுவே ஒளிந்திருக்கும் சிற்றூர்களானாலும் சரி, வாசற்படியில் ஓர் அரணை தலைகாட்டிவிட்டால் போதும். விளக்குமாறும் விறகுக்கட்டையும் ஒரே நேரத்தில் எழும்பும். குழந்தைகள் கட்டிலின்மேல் ஏறிக்கொள்வார்கள். அடுத்த வீட்டு ஆண்பிள்ளைகள் உதவிக்கு ஓடி வருவார்கள்.

இந்த ஆண்டு எங்கள் விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் ஓர் அட்டைப்பெட்டியில் துளையிட்டு, "எங்கள் வீட்டில் சொல்வார்கள்" என்று எழுதி, நூலகத்தின் வாயிலில் வைத்தோம். செடி, கொடி, மிருகம், மழை, இடி எதைப் பற்றியானாலும், வீட்டில் பெரியோர் சொல்லக் கேட்டதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம் என்று அறிவித்தோம். ஒரே வாரத்தில் பெட்டி நிரம்பிவிட்டது. மாலை வேளைகளில் வேப்பமரத்தடியில் அமர்ந்து அவற்றைப் படித்து, புத்தகங்களோடு ஒப்பிட்டு, விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டுத் தெளிந்ததில் ஒரு பகுதியே இக்கட்டுரை. வீட்டில் பெற்றோருக்கும் இதை வாசித்துக் காட்டுமாறு தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறோம்.

சில சீட்டுகளுக்கு விடை சொல்வது எளிதாக இருந்தது. "பல்லி விழுந்த சோறு விஷம்" என்று பலர் எழுதியிருந்தார்கள். பல்லிக்கு விஷப்பை கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அந்தச் சோற்றைக் கொட்டிவிடுவதே நல்லது. காரணம் தவறு, காரியம் சரி! "சீமைக் கருவேலமரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையை விரட்டுகிறது" என்பது இன்னொன்று. கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டு நம் ஜில்லாவைப் படாதபாடு படுத்தும் மரம்தான் அது. கடல்தாண்டி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதை வெட்டி அகற்றச் சொல்லி 2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. ஆயினும் மற்ற மரங்களைப்போல் அதுவும் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக வெளிவிடுகிறதே தவிர, மழையை விரட்டும் சக்தி அதற்கில்லை. செய்த குற்றத்திற்குத் தண்டிக்கலாம், செய்யாத குற்றத்தையும் ஏன் அதன் தலையில் சுமத்த வேண்டும்?

பெட்டியில் பாதிக்கு மேற்பட்ட சீட்டுகள் பாம்பையும், பாம்புக்கு உறவென்று கருதப்படும் ஊர்வனவற்றையும் பற்றியவை. இதில் ஆச்சரியமில்லை. கோடையில் நம் கரிசல் மண் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கிறது. ஒரு கையையே உள்ளே விடலாம் போன்ற அந்த வெடிப்புகளில் எலி குடியேறும். எலியைத் தேடிப் பாம்பு வரும். முதல் மழை பெய்து வெடிப்பில் தண்ணீர் புகுந்ததும் இரண்டும் மேட்டைத் தேடிப் புறப்படும். மேடு என்பது பெரும்பாலும் நம் வீடுதான்.

முதலில் அரணையின் வழக்கை முடித்துவிடுவோம். அரணை என்பது வழவழப்பான செதில்களும் வெண்கல நிற முதுகும் கொண்ட ஒரு பல்லி இனம். பூச்சி புழுக்களைத் தின்று வாழ்கிறது. விஷமில்லை. நம் நாட்டுப் பல்லி, ஓணான், அரணை இனங்களில் கடித்து ஆளைக் கொல்லக்கூடியது ஒன்றுமே இல்லை. அப்படியானால் இந்த நம்பிக்கை எப்படி இத்தனை காலம் நிலைத்தது? இங்கேதான் ஒரு வேடிக்கை. அரணை கடித்துச் செத்தவர் யாரையும் எவரும் பார்த்ததில்லை. ஏன் பார்த்ததில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை தயார்: அரணைக்கு மறதி அதிகமாம்! கடிக்க ஓடி வரும். பாதி வழியில் எதற்கு வந்தோம் என்பதை மறந்து திரும்பிவிடுமாம். பொய்யைக் காப்பாற்ற இதைவிடக் கெட்டிக்காரத்தனமான காவற்காரன் கிடைப்பானா?

இந்தச் சீட்டை எழுதியவள் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி ஒருத்தி. சென்ற ஆடி மாதம் அவள் வீட்டுத் திண்ணையில் ஓர் அரணை வந்ததாம். அவளுடைய அப்பத்தா கூச்சலிட, தெருவே திரண்டு, சாக்கை விரித்து, பானைகளை உருட்டி, அரை மணி நேரம் போராடி அதை அடித்துக் கொன்றார்களாம். "அன்று எங்கள் வீட்டில் ஒரு போரே நடந்தது" என்று சீட்டின் கீழே எழுதியிருந்தாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. ஏன் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மரத்திலும் மண்ணிலும் வாழும் அப்பாவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, செத்தவரின் சிதைப் புகையைக் காண மரத்தின் உச்சியில் ஏறிக் காத்திருக்கும் என்பார்கள். அது மரத்தில் இருப்பது மெய்தான். அங்கே அதற்குத் தவளையும் பல்லியும் கிடைக்கின்றன. மரமே அதன் வீடு. விஷமற்ற பாம்பு அது. பச்சைப்பாம்புக்குக் கண்குத்திப் பாம்பு என்றே பெயரிட்டுவிட்டார்கள். கூரிய மூக்கும், மற்றப் பெரும்பாலான பாம்புகளுக்கு இல்லாத வகையில் படுக்கைவாட்டில் கீறினாற்போன்ற கண்மணியும் உடையது. எதிரே அசையும் பொருளின் தொலைவைக் கணக்கிட அந்தக் கண் உதவுகிறது. அதற்குள்ள இலேசான விஷம் ஓணானை அடக்கப் போதும், மனிதரைக் கொல்லாது. நம் கண்ணைத் தேடிக் குத்த வேண்டிய பகை ஏதும் அதற்கில்லை.

மண்ணுளிப் பாம்பின் கதை இன்னும் பரிதாபமானது. இருதலை மணியன் என்று அதற்கு இன்னொரு பெயர். ஆறு மாதம் ஒரு தலையாலும் ஆறு மாதம் மறு தலையாலும் நடக்குமாம். நக்கினால் குஷ்டம் வருமாம். உண்மையில் அதற்குத் தலை ஒன்றுதான். வால் மழுங்கித் தலையைப்போல் இருக்கிறது. பகைவர் வந்தால் தலையை உடலுக்கடியில் மறைத்து வாலைத் தூக்கிக் காட்டும். அடி வாலில் விழும், தலை தப்பும். கழுகையும் கீரியையும் ஏமாற்றக் கற்ற இந்தத் தந்திரம் மனிதரிடம் வந்து அதற்கே எமனாகிவிட்டது. இரண்டு தலைப் பாம்பு வீட்டில் இருந்தால் புதையல் கிட்டும், வெளிநாட்டார் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குவார்கள் என்று ஏமாற்றுக்காரர்கள் கிளப்பிய பேச்சை நம்பி, பணத்தைப் பறிகொடுத்தவர்களும் சிறைக்குப் போனவர்களும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

சாரைப்பாம்பு ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் கூடிப் பின்னிப் பிணைந்து ஆடும் என்பது நாங்கள் எல்லோருமே நம்பியிருந்த ஒன்று. அந்த வேளையில் அவற்றின்மேல் புதுத்துணியைப் போட்டெடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் குவியுமாம். (நம் ஊர்த் தறியில் நெய்த வேட்டிகளில் எத்தனை இப்படி மண்ணில் புரண்டனவோ!) சாரை வேறு, நல்லபாம்பு வேறு. சாரையிலேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. தலையைத் தூக்கி இரண்டு சாரைகள் முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், அவை பெரும்பாலும் இரண்டும் ஆண்களே. நடப்பது கூடலன்று, மல்யுத்தம். யார் தலையை யார் தரையில் அழுத்துவது என்பதே போட்டி. கடிப்பதில்லை. தோற்றவர் விலகிப் போய்விடுவார். சாரைக்கு விஷமே கிடையாது. நம் சோளத்தையும் கம்பையும் தின்னும் எலிகளை அது தின்கிறது.

"பாம்புக்குக் காது இல்லை, ஆகவே மகுடி கேட்காது" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இது மூடநம்பிக்கை அன்று, பாடப்புத்தகத்தில் படித்தது. நாங்களும் சரி என்று குறித்துவிட்டோம். சிஸ்டர் அந்தக் குறியை அடித்துவிட்டு, "நான் படித்த காலத்தில் நானும் இப்படித்தான் எழுதி மார்க்கு வாங்கினேன்" என்றார். பாம்புக்கு வெளிக்காது இல்லையே தவிர உட்காது உண்டு. தாடை எலும்பு அதனோடு இணைந்திருப்பதால் தரையின் அதிர்வை நன்கு உணர்கிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஓசையும் அதற்கு ஓரளவு எட்டுகிறது. 2023-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 19 பாம்புகளை ஓசை புகாத அறையில் வைத்து, தரை அதிரும் ஓசையையும் தரை அதிராத ஓசையையும் மாறி மாறி எழுப்பிப் பார்த்தார்கள். இரண்டுக்குமே அவை அசைந்தன. ஒரு மலைப்பாம்பு இனம் ஓசையை நோக்கி வந்தது. கொடிய விஷமுள்ள டைப்பன் முதலியன விலகிப் போயின. ஆகவே பாம்பு முழுச்செவிடு என்பதும் ஒரு தவறான கருத்துதான். ஆனால் மகுடிக்கு மயங்கி ஆடுகிறது என்பது அதைவிடத் தவறு. மகுடியும் பாம்பாட்டியின் கையும் அசையும் திசையில் தன்னைக் காத்துக்கொள்ளப் பாம்பும் திரும்புகிறது. நாம் அதை நடனம் என்கிறோம்.

இதே பெட்டியில், "இருட்டில் கம்பைத் தட்டித் தட்டி நட என்று தாத்தா சொல்வார்" என்று ஒரு சீட்டு கிடந்தது. அதன்மேல் சிவப்பு மையில் பெரிதாக 'முற்றிலும் சரி' என்று எழுதினோம். தரை அதிர்ந்தால் பாம்பு பெரும்பாலும் விலகிவிடும். பெரியோர் சொல்வதெல்லாம் தவறென்று நாங்கள் சொல்லவரவில்லை.

பால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பால் என்பது பாலூட்டிகளின் குட்டிகளுக்கான உணவு. பாம்பின் உணவில் அதற்கு இடமில்லை. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் தாகத்தில் பாலையும் குடிக்கும். புற்றில் ஊற்றும் பால் எறும்புக்கே போய்ச் சேரும். நாகரத்தினமும் கிடையாது. அடித்த பாம்பு அடையாளம் வைத்துக்கொண்டு பழிவாங்கும் என்ற நம்பிக்கைக்கு, 1979-ல் வந்த 'நீயா?' போன்ற படங்கள் புத்துயிர் கொடுத்தன. முகத்தை நினைவில் வைத்து ஆளைத் தேடும் அளவுக்குப் பாம்பின் மூளை வளர்ந்ததன்று. அடிக்கடி வெளியே நீளும் பிளந்த நாக்கு கொட்டுவதற்கானது என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். அது மோப்பக் கருவி. காற்றிலும் தரையிலுமுள்ள வாடைத் துகள்களைத் தொட்டெடுத்து, மேல்வாயிலுள்ள ஓர் உறுப்பினிடம் கொண்டு சேர்க்கிறது.

"மல்லிகை வாசத்திற்குப் பாம்பு வரும்" என்ற சீட்டை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன் அம்மாவோடு பூப்பறிக்கப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் தோழியர் எங்களில் இருக்கிறார்கள். வாசம் பாம்பை இழுப்பதில்லை. ஆனால் தண்ணீர் பாய்ந்த பாத்தியும் அடர்ந்த நிழலும் தவளையை இழுக்கும். தவளை பாம்பை இழுக்கும். எனவே விளக்கில்லாமல் செடியடியில் கைவிடக் கூடாது. இங்கும் காரணம் தவறு, எச்சரிக்கை சரி.

இனி, நாம் உண்மையில் அஞ்ச வேண்டியவர்களைப் பார்ப்போம். இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏற்படும் மரணங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நான்கு இனங்களே காரணம்: நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். நல்லபாம்பைப் படம் காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடி விரியன் பருத்து, முதுகில் சங்கிலிபோல் வட்ட வட்டப் புள்ளிகளுடன் இருக்கும். மலைப்பாம்புக் குட்டி என்றெண்ணிக் கையால் தூக்கியவர்களும் உண்டு. அதன் சீறல் பிரஷர் குக்கரின் ஆவியைப்போல் கேட்கும். சுருட்டை விரியன் சரளைக் காட்டில் வாழ்வது, ஒரு முழம்கூட இராது. சுருண்டுகொண்டு செதிலோடு செதிலை உரசி ரம்பம் அறுப்பதுபோன்ற ஓசை எழுப்பும். "சின்னப் பாம்புதானே" என்ற அலட்சியமே அதன் பலம்.

நான்காவதான கட்டுவிரியனைப் பற்றிப் பெட்டியில் ஒரு சீட்டுகூட இல்லை! கொம்பேறி மூக்கனுக்கு ஒன்பது சீட்டு, கட்டுவிரியனுக்கு ஒன்றுமில்லை. கறுத்துப் பளபளக்கும் உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் சுருண்டு சோம்பிக் கிடக்கும். இரவில்தான் நடமாட்டம். எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர் புரண்டு அதன்மேல் கை போட்டால் கடித்துவிடும். கடித்தது பலருக்குத் தெரிவதே இல்லை. வலி இராது, வீக்கம் இராது, பல்தடம் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கும். பிறகு கண்ணிமைகள் தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, நாக்குக் குழறும், இறுதியில் மூச்சுவிடும் தசைகளே ஓய்ந்துவிடும்.

இதைச் சிஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அரணைச் சீட்டு எழுதிய தோழி எழுந்து நின்றாள். அரணையைக் கொன்று இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி மழை பெய்த ஓர் இரவில் நடந்ததை மெல்லிய குரலில் சொன்னாள். அவளுடைய ஏழு வயதுத் தம்பி அப்பத்தாவுக்கு அருகில் பாயில் படுத்திருந்தான். விடியற்காலை நான்கு மணிக்கு வயிறு வலிக்கிறது என்று அழுதான். முந்திய நாள் கடையில் எதையோ வாங்கித் தின்றதாகச் சொன்னார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தான். அஜீரணந்தான் என்று உறுதியாயிற்று. ஐந்தரை மணிக்குக் கண்ணைத் திறக்கவில்லை. பிள்ளை தூங்கட்டும் என்றார் அப்பத்தா. பால் கறக்கும் மாடு இவர்கள் வீட்டில் இருந்ததுதான் நல்லகாலம். பால் வாங்க வந்த பக்கத்துத் தெரு நர்ஸ் அம்மா பையனைத் தொட்டுப் பார்த்தார். அவன் தூங்கவில்லை, கேட்டதற்குத் தலையசைக்கிறான், ஆனால் இமையைத் தூக்க முடியவில்லை, வாயோரம் எச்சில் வழிகிறது. "பூச்சி கடிச்சிருக்கு. 108-க்குப் போன் போடுங்க" என்றாராம். உடம்பெல்லாம் தேடியும் தடம் ஒன்றும் அகப்படவில்லை. வேண்டாத தெய்வமில்லை. மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, ஐந்து நாள் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்திருந்தார்கள். அவன் பிழைத்துவிட்டான். மறுநாள், வீட்டுச் சுவரோரம் விறகுக்காக அடுக்கியிருந்த பருத்திமார்க் கட்டைப் பிரித்தபோது அடியில் அந்தப் பாம்பு சுருண்டு கிடந்ததாம்.

அவள் உட்கார்ந்த பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. திண்ணையில் தெருவே திரண்டு போரிட்டது விஷமற்ற அரணையோடு. பாயருகே வந்ததற்குப் பெயர்கூடச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

பாம்பு கடித்தால் வேப்பிலை கசக்காது, மிளகாய் காரம் தெரியாது என்று நம் ஊர்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். இச்சோதனைக்கு எந்த ஆதாரமும் இல்லை. சிறியாநங்கையைத் தின்னக் கொடுப்பதும், மந்திரிப்பதும், கடிவாயைக் கீறி உறிஞ்சுவதும் நடக்கின்றன. "மந்திரித்துப் பிழைத்தவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம்மைக் கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் எல்லாத் தடவையும் விஷத்தை இறக்குவதில்லை, வெறுங்கடியாகவும் போகும். அவர்களெல்லாம் ஒன்றும் செய்யாமலே பிழைத்திருப்பார்கள். பெயர் மந்திரத்துக்குப் போகிறது. உண்மையாகவே விஷம் ஏறியவர் இறந்தால், "விதி முடிந்தது" என்பார்கள். அரணையின் மறதியைப்போல இதுவும் கெட்டிக்காரக் காவற்காரன்தான்.

இந்தக் காவற்காரனுக்கு நாம் கொடுக்கும் கூலி சிறிதன்று. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பாதிப் பேர் மழைக்காலத்தில் இறந்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் 2017-ல்தான் சேர்த்தது. இந்தச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசியத் திட்டம் வகுத்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோல் ஒரு மட்டையில் வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். வளையல், மோதிரம், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கினால் அவை சதையை இறுக்கும். இரத்தம் ஓடாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டுவது கூடவே கூடாது. அதனால் கை கால் அழுகிப் போனவர்கள் உண்டு. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமென்று நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டாவது ஆளும் கடிபடுவார். நேரே மருத்துவமனை. தமிழக அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்தை இலவசமாகவே ஏற்றுகிறார்கள். இரவில் படுக்கக் கட்டிலும், மெத்தைக்கடியில் செருகிவிட்ட கொசுவலையும் இருந்தால் கட்டுவிரியனுக்கு வழியில்லை. கொசுவலை இரண்டு எதிரிகளைத் தடுக்கிறது, விலை ஒன்றுதான்.

விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்கத்தக்க கதை. பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்ததே மருந்து. 1895-ல் இதை முதன்முதலில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட். பிறந்தவுடன் நமக்கெல்லாம் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியில் நடு எழுத்தான 'சி' இவர் பெயரைக் குறிப்பதே! ஆனால் மருந்து செய்ய விஷம் வேண்டும். விஷத்துக்குப் பாம்பு வேண்டும். பாம்பைப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அக்கலையில் தேர்ந்தவர்கள். ஒருகாலத்தில் தோல் வியாபாரத்திற்குப் பாம்பு பிடித்த அவர்கள், அது தடை செய்யப்பட்டபின், 1978-ல் வடநெம்மேலியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எங்கள் தோழியின் தம்பிக்கு ஏற்றிய மருந்துக்குப் பின்னால் முகம் தெரியாத ஓர் இருளரின் கையும், ஒரு குதிரையின் இரத்தமும் இருந்திருக்கக்கூடும்.

திருச்சுழி என்றதும் 1879-ல் அங்கே பிறந்த ரமண மகரிஷியைப் பலர் நினைப்பார்கள். திருவண்ணாமலையில் அவருடைய ஆசிரமத்தில் பாம்புகளை அடிக்க விடுவதில்லையாம். எல்லோருக்கும் அது கைவராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வீட்டுக்குள் பாம்பு வந்தால் எட்ட நின்று கண்ணை அதன்மேல் வைத்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து பிடித்துப் போவார்கள்.

அரையாண்டு விடுமுறையில் எங்களில் நால்வர் அந்தத் தோழியின் ஊருக்குப் போயிருந்தோம். தம்பி தெருவில் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடினான். வீட்டில் புதிதாக ஒரு கயிற்றுக் கட்டிலும் நீல நிறக் கொசுவலையும் இருந்தன. பருத்திமார்க் கட்டு வெகுதூரம் தள்ளிக் களத்து மேட்டுக்குப் போய்விட்டது. நாங்கள் திண்ணையில் அமர்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்தபோது, படிக்கல்லின் ஓரத்தில் ஓர் அரணை வெயில் காய வந்தது. அப்பத்தா பழக்கத்தில் விளக்குமாற்றை எடுத்துவிட்டார். எங்களைப் பார்த்தார், அரணையைப் பார்த்தார். அது சரசரவென்று சுவர் இடுக்குக்குள் போய்விட்டது.

"கடிக்க வந்ததை மறந்துட்டுப் போகுது" என்றார் விளக்குமாற்றைக் கீழே வைத்தபடி. "நானும் அடிக்க வந்ததை மறந்துட்டேன்னு வச்சுக்கோங்க, தாயி."